விரல் பட்ட ஓரம்

அவர் தொட்டியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த நான்கையும் ஒரே பிடியில் தூக்கினார். கட்டைவிரல் வெளியே, மற்ற நான்கு விரல்களும் டம்ளருக்கு ஒன்றாக உள்ளே. படுக்கையில் கிடந்த அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் அது.

"தம்பி, குடிக்கிற டம்ளருக்குள்ள விரலை விடாதீங்க."

"கழுவின கைதானேக்கா."

"அது உங்களுக்குத் தெரியும். படுத்திருக்கிறவங்களுக்கு வர்ற காய்ச்சலுக்குத் தெரியுமா?"

"லேப்ல தினம் கண்ணாடித் தட்டெல்லாம் இப்படித்தான் எடுக்கிறேன். அப்புறம் ஓவன்ல வச்சு ரெண்டு மணி நேரம் வறுத்துடுவோம். ஒரு கிருமி உசுரோட வெளிய வராது."

"இங்க ஓவன் இல்ல. விரலை எடுங்க."

எடுத்தார். மறுநாள் அதே பிடி. முப்பத்தொரு வருடத்துப் பழக்கம். நானும் விட்டுவிட்டேன்.

பாக்டீரியாக்களை ஆராயும் ஒரு கூடத்தில் அவர் வேலை செய்தார். கண்ணாடிச் சாமான் கழுவுவது, பாக்டீரியா வளர்வதற்கான அகர் கூழைக் காய்ச்சுவது, ஆறுவதற்குள் தட்டுகளில் ஊற்றுவது. கூழ் காய்ச்சுகிறவர் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கஞ்சி அண்ணன். வாயிற்காவலுக்கு வந்தவராம். ஒரு நாள் கழுவுகிற ஆள் வராததால் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு வெளியே அனுப்பவில்லை. எத்தனையோ பேர் அவர் ஊற்றிய தட்டுகளில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர் பத்தாவதோடு சரி. ஓய்வு பெற ஐந்து மாதம் பாக்கி இருந்தபோது நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் மனைவி பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இறங்கி ஓடுகிறவனைக் குரலாலேயே நிறுத்துவாராம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது; பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி." வலித்தாலும் சரி, பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி.

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல இவ ஒரு தடவை எனக்குச் சரின்னு சொன்னதில்லக்கா. இப்ப மொத்தமா சொல்லித் தீர்க்கிறா" என்பார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நான். மற்ற நேரம் அவர். வீடு கூடத்துக்குப் பின்னாலேயே இருந்த குவார்ட்டர்ஸ். ஓர் அறை, ஒரு சமையல் இடம், ஒரு ஜன்னல். கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். புரட்டும்போது குதிகாலுக்கும் இடுப்புக்கும் களிம்பு. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. குதிகால் மெத்தையில் படக் கூடாது. எல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். தட்டில் கூழ் ஊற்றுகிற கை, நடுங்காது.

களிம்பு நான் கொண்டு போனது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கம்பளிக் கொழுப்பு, தகர டப்பாவில். தண்ணீரில் லேசில் போகாது; அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். மழையிலே நனைகிற ஆட்டுக்கு ஆகிறது, வியர்வையில் கிடக்கிற மனுஷிக்கும் ஆகும். அவர் கைகளைப் பார்த்தேன். சோப்பிலும் சுடுநீரிலும் ஊறி விரல் நுனியெல்லாம் வெடிப்பு. "டப்பால வழிச்சது விரல்ல மிச்சம் ஒட்டியிருக்கும். துணில துடைச்சு வீணாக்காதீங்க. உங்க கையிலயே தேய்ச்சுக்குங்க" என்றேன்.

நான்தான் சொன்னேன். எழுதும்போது இதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் மற்றது எதுவும் புரியாது.

அந்தக் கூடத்தில் குண்டூசி என்று ஒரு மாணவி இருந்தாள். மெலிந்த உடம்பு, கூர்மையான பேச்சு. கஞ்சி அண்ணன் வைத்த பெயர்தான். அவளுடைய ஆராய்ச்சியை அவர் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது. தீனி இருக்கும்வரை தட்டு முழுக்கப் பரவித் திரியும். தீனி தீர்ந்தால் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஊசிமுனை அளவுக்கு ஒரு குவியல் கட்டும். உள்ளே இருப்பவை உருண்டையாகி, ஓடு போர்த்து, நல்ல காலம் வரும்வரை தூங்கும். இப்படிக் கூட வேண்டுமென்றால் ஒன்றுக்கொன்று சேதி போக வேண்டும். அந்தச் சேதிகளில் ஒன்று கொழுப்பு அமிலம். வால் நுனியில் கிளைவிட்ட ஒரு வகை.

"அதுக்கும் கொழுப்புதான் பேச வைக்குதாக்கும்" என்றேன்.

"மனுசனுக்குக் கொழுப்பு ஏறினா வாய் நீளும். இது பரவாயில்லக்கா, வேலைக்குக் கூப்பிடுது."

குண்டூசியிடம் இருந்தது ஓர் ஊமை ரகம். அந்தக் கொழுப்பைத் தானாகச் செய்யத் தெரியாதது. தனியாக விட்டால் குவியல் கட்டாது. தட்டில் படலமாகக் கிடந்து போகும். வெளியிலிருந்து அந்தக் கொழுப்பைத் துளி கொடுத்தால் எழுந்து கூடும். பல கொழுப்புகளில் எது கூப்பிடுகிறது, எவ்வளவு சொற்பத்தில் கூப்பிடுகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு, ஒன்றும் கொடுக்காத தட்டு தட்டையாகவே இருக்க வேண்டும். அது ஆடினால் மற்ற எதையும் நம்ப முடியாது.

எட்டு மாதமாக அது ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கொடுக்காத தட்டிலும் குவியல் எழுந்தது. எல்லாத் தட்டிலும் இல்லை. பத்தில் மூன்றில், நான்கில். அவள் ரகத்தை மாற்றிப் பார்த்தாள், தண்ணீரை மாற்றினாள், உப்பை மாற்றினாள். நல்ல ரகத்தை ஊமை ரகத்தோடு கலந்துவிட்டாள், கவனம் போதாது என்று கூடத்தில் பேசினார்கள். பேராசிரியரும் அப்படித்தான் நினைத்தார். அவளுக்குக் கொடுத்த காலம் முடிந்திருந்தது. மேலும் ஒரு வருடம் கொடுப்பதா, அனுப்பிவிடுவதா என்று திங்கட்கிழமை கமிட்டி கூடி முடிவெடுக்கும். கையில் உருப்படியான முடிவு இல்லாதவளுக்கு எதைக் கொடுப்பார்கள்?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். எப்படியும் திங்களன்று அனுப்பிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நோயாளியின் இடக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஊருக்குப் போறேன் அக்கா."

"சரி" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"பார்த்தீங்களா, தடுக்கக்கூட மாட்டேங்கிறாங்க" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

கஞ்சி அண்ணன் அப்போதுதான் மனைவியின் குதிகாலுக்குக் களிம்பு போட்டு, மிச்சத்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு எழுந்தார். டீ போடப் போனார். தொட்டியோரம் கவிழ்த்திருந்த டம்ளர்களை எடுத்துத் திரும்பினார். விரல்கள் உள்ளே.

குண்டூசி எழுந்து நின்றாள்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க."

"என்னம்மா, பல்லியா?"

"அசையாதீங்க."

கிட்டே போய் டம்ளரின் உள்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு டம்ளரை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். எவர்சில்வரில் உள்ளே ஓரத்தை ஒட்டி விரல் பட்ட இடம் மட்டும் மங்கலாக, பிறை மாதிரி தெரிந்தது. அவள் தன் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தைத் திறந்து எங்களிடம் நீட்டினாள். ஒரு கண்ணாடித் தட்டு. நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு பக்க ஓரத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாகக் குவியல்கள், பிறை மாதிரி.

"எல்லாத் தட்டுலயும் ஒரு ஓரத்துலதான் எழும்பும். ஏன் ஓரம், ஏன் ஓரம்னு எட்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிறேன். அண்ணே, கையில என்ன?"

"களிம்பும்மா."

டப்பாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். கம்பளிக் கொழுப்பு. டப்பாவை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"கிளைவிட்ட வாலுள்ள கொழுப்பு எதுல இருக்குன்னு புத்தகத்துல தேடினா முதல் வரியிலயே இது இருக்கும். நான் கடையில வாங்கலாம்னுகூட நினைச்சேன்" என்றாள்.

"ஓவன்ல வறுக்கிறோமேம்மா" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது.

"கிருமி சாகும் அண்ணே. கொழுப்பு சாகுமா? அது உயிரோட இருந்தாத்தானே சாகிறதுக்கு?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் விரலில் இருந்த களிம்புதான் தட்டின் ஓரத்தில் ஒட்டி, ஓவனிலும் போகாமல், அந்த ஊமை ரகத்தைக் கூப்பிட்டிருக்கிறது. சுத்தம் என்றால் அவருக்குக் கிருமி இல்லாதது. எனக்கும் அதுதான். அந்தக் கூடத்தில் எல்லோருக்குமே அதுதான். மற்ற மாணவர்கள் ஒரு முறை போட்டுத் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தட்டில் வேலை செய்தார்கள். பிளாஸ்டிக் கொழுப்பை உறிஞ்சும் என்பதால் இவள் ஒருத்திக்கு மட்டும் கண்ணாடி. கண்ணாடியைக் கழுவி அடுக்குவது அவர் ஒருவர். அவர் மனைவி விழுந்து எட்டு மாதம் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அடுப்பில் டீ கொதித்து வற்றியது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம் அண்ணே. உங்களுக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு. இந்த வீடு வேலையோட வந்தது. உங்க மேல ஏதாவது எழுதிட்டாங்கன்னா அக்காவைத் தூக்கிட்டு எங்க போவீங்க?"

"நான் என்ன திருடினேனா? சொல்லத்தான் சொல்லுவேன்."

"சொன்னா எனக்கு இடம் கிடைச்சுடுமா?"

"சொல்லலைன்னா கிடைக்குமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆராய்ச்சி தெரியாது. ஆனால் கட்டுப் பிரித்துப் பார்க்காமல் புண் ஆறியதா இல்லையா என்று பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. "முதல்ல இதுதானான்னு பாருங்க. எத்தனை நாள் ஆகும்?" என்றேன்.

"நாளைக்குக் காலைல போட்டா திங்கக்கிழமை காலைல தெரியும்."

"கமிட்டி எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

சனிக்கிழமை அவர் டப்பாவை மறந்துவிட்டு ஓடிவிட்டார். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மனைவியைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு நான் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வேலை செய்யும் அறையை அன்றுதான் பார்த்தேன். மூன்று பெரிய தொட்டிகள், சுவரோடு ஓர் ஆள் உயர ஓவன், மூலையில் கூழை ஆவியில் வேகவைத்துக் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ். வெந்த கூழின் வாசம். தரை ஈரம். அவர் நிற்கும் இடத்தில் மட்டும் சிமெண்ட் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

எட்டுத் தட்டு. நான்கை அவள் இடுக்கியால் எடுத்து அடுக்கினாள். மற்ற நான்கை எடுப்பதற்கு முன் அவரைக் களிம்பு தேய்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"எப்பவும் எடுக்கிற மாதிரியே எடுங்க அண்ணே. ஜாக்கிரதையா எடுத்தா ஒண்ணும் தெரியாது."

அவரால் முடியவில்லை. முப்பத்தொரு வருடம் யோசிக்காமல் செய்ததை யோசித்துச் செய்யச் சொன்னால் விரல் எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு தட்டு நழுவி உடைந்தது. அவர் கையிலிருந்து விழுந்து உடைந்த தட்டை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லையாம். வேறு தட்டு எடுத்துக் கொடுத்தாள்; அப்புறம் விரல் தானாக உள்ளே போனது. எல்லாவற்றையும் வறுத்து, கூழ் ஊற்றி, ஊமை ரகத்தைப் பரப்பி உள்ளே வைத்தார்கள்.

ஞாயிறு எனக்கு விடுமுறை.

திங்கட்கிழமை நடந்ததை அவர் மத்தியானம் வந்து சொன்னார். ஒன்பது மணிக்குத் திறந்து பார்த்திருக்கிறார்கள். இடுக்கியால் எடுத்த நான்கும் துடைத்துவைத்த மாதிரித் தட்டையாக. கையால் எடுத்த நான்கிலும் ஓரத்தில் பிறை. பேராசிரியரைத் தேடி ஓடினால், கமிட்டியை ஒன்பதரைக்கே மாற்றிவிட்டார்களாம். கதவுக்கு வெளியே ஓர் எழுத்தர்.

"உள்ள விடுங்க சார், அஞ்சு நிமிசம்" என்றாராம் இவர்.

"நீ யாருய்யா?"

"கஞ்சி காய்ச்சுறவன்."

"கேன்டீன் கீழ."

எட்டுத் தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பத்தரைக்குக் கதவு திறந்தது. முடிந்துவிட்டது. அவளுக்கு மேலும் காலம் கிடையாது. எட்டுத் தட்டையும் பேராசிரியரிடம் காட்டி விவரம் சொல்லிவிட்டு வந்தாராம்.

அன்று மாலை பேராசிரியரே வீட்டுக்கு வந்தார். உயரமானவர், அந்த வீட்டின் ஒரே நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். சோதித்துப் பார்க்கக் களிம்பு கொஞ்சம் வேண்டும் என்று ஒரு சின்னக் குப்பி கொண்டு வந்திருந்தார். நான் வழித்துப் போட்டுக் கொடுத்தேன்.

கஞ்சி அண்ணன் சுவரோரம் நின்றார். "சார், தப்பு என்னுது. அந்தப் பொண்ணு கைசுத்தமானவ. எனக்கு என்ன எழுதணுமோ எழுதுங்க. அவளைத் திரும்பக் கூப்பிடுங்க."

"உங்க மேல என்னத்தை எழுதறது? கையில களிம்பு போட்டதைக் குத்தம்னு எந்தப் படிவத்துல எழுதுவேன்? நானே அந்தப் பிடியை இருபது வருசமாப் பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப அவளைக் கூப்பிடுங்க."

பேராசிரியர் குப்பியை உருட்டிக்கொண்டே இருந்தார். "நேத்து வரைக்கும் அந்த எட்டு மாச வேலை சந்தேகம்தான். இன்னைக்கு அது முழுசும் தப்புன்னு நீங்களே காட்டிட்டீங்க. நல்லதுதான், அவ கலக்கலைன்னு இப்ப எனக்குத் தெரியும். கமிட்டிக்கும் எழுதுறேன். ஆனா தப்புன்னு காட்டினது சரியானது ஆகாதே. சரியான முடிவு ஒண்ணு காட்டுங்கன்னு கேட்டா, என்கிட்ட எட்டுத் தட்டுதான் இருக்கு. புதுசா ஆரம்பிக்க ஒரு வருசம் வேணும். அந்த வருசத்தைக் காலைலயே வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. அவ போகத்தான் வேணும்."

"சரி" என்றார் கட்டிலில் இருந்தவர், தெளிவாக.

பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். கஞ்சி அண்ணன் தன் மனைவியைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த அம்மாளின் கண்ணில் தண்ணீர் இருந்தது. என்ன சொல்ல நினைத்தார் என்று யாருக்குத் தெரியும்? இருந்தது அந்த ஒரு சொல்தான்.

பேராசிரியர் எழுந்தபோது, கண்ணாடித் தட்டுகளை இனி மூட்டை கட்டிவிடலாம், அந்த வேலைக்கு ஆள் இல்லை என்றார். திட்டியிருந்தால்கூட கஞ்சி அண்ணனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

நான் கிளம்பும் நேரத்தில் குண்டூசி வந்தாள். முதுகில் பெரிய பை. ஏழு மணிக்குப் பேருந்து. உள்ளே வரவில்லை, பையை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, எட்டு மாசமா எனக்குத்தான் பைத்தியம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லைன்னு தெரிஞ்சுடுச்சு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எங்கம்மா போவ?"

"வீட்டுக்குத்தான். அப்புறம் பார்க்கலாம்."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பையைத் தூக்கிவிடக்கூடக் கை வரவில்லை. நான்தான் தூக்கிவிட்டேன். கனமாக இருந்தது. புத்தகங்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் போனேன். அவர் தொட்டியருகே நின்றிருந்தார். பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில் காலியாக இருந்தது. கைகளை அதில் கழுவிக் கழுவி வெடிப்பெல்லாம் பிளந்து, இரண்டு விரலில் இரத்தம். களிம்பு டப்பா அலமாரியின் உச்சித் தட்டில், எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

போர்வையை விலக்கி வலது குதிகாலைப் பார்த்தேன். சிவந்திருந்தது, எலுமிச்சம்பழ அகலத்துக்கு. விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல தோல் என்றால் அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவக்கும். இது வெளுக்கவில்லை. உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எட்டரை மாதம் ஒரு புண் இல்லாமல் வைத்திருந்தோம்.

"ராத்திரி புரட்டினீங்களா?"

"புரட்டினேன். களிம்பு போடலை."

"தலையணை?"

தலையணை தரையில் கிடந்தது. களிம்பு போட்டு முடித்துத்தான் தலையணையைச் சரி செய்வார். அதுதான் அவர் கற்ற வரிசை. களிம்பை விட்டதும் தலையணையும் விட்டுப்போயிருந்தது.

"இந்தக் கையால தொட முடியலக்கா."

"வேற கை யார்கிட்ட இருக்கு? டப்பாவை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். துண்டை மடித்துக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்துக் குதிகாலைத் தூக்கி நிறுத்தினேன். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. சுற்றிலும் மட்டும் போட்டேன். பிறகு அவரை உட்காரச் சொல்லி இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். நீட்டினார். விரல் விரலாகப் போட்டேன். கட்டிலில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு அவர் வேலைக்குப் போனார், கண்ணாடித் தட்டுகளை மூட்டை கட்ட. நான் சுவரில் இருந்த அட்டவணையில் எழுதினேன்: வலது குதிகால், சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை. அடுத்துப் புரட்ட வேண்டியது பத்து மணிக்கு.